முன்னால் நடந்தவர்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பத்தமடைப் பாயை விரித்துப் போட்டாற்போல ஒரு மலை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை, கத்தரிப்பூ நிறம் என்று பட்டை பட்டையாகச் சரிந்து இறங்குகிறது. அதன் முன்னால் கம்பளித் தொப்பியும் வெளிறிய முகமுமாக இவன் நிற்கிறான். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரில் இருக்கும் வினிகுன்கா என்ற மலையாம். வானவில் மலை என்றும் சொல்கிறார்கள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து விடுமுறைக்குப் போயிருக்கிறான்.

அன்று இரவே கூப்பிட்டான். "பாட்டா, மூச்சே விட முடியல்ல. பத்து அடி வச்சா ஒரு நிமிஷம் நிக்கணும்" என்றான். (எங்கள் காரைக்காலில் தாத்தா என்பார்கள். நாகர்கோவிலில் பெண் எடுத்ததால் நான் பாட்டா ஆகிப்போனேன். செருப்புக் கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் சங்கடப்பட்டதுண்டு. இப்போது வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.)

அவன் நின்ற இடம் 5,036 மீட்டர் உயரம் என்கிறார்கள். நம் அகஸ்தியகூடம் 1,868 மீட்டர்தான். அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். இருந்தாலும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். இருட்டோடு குஸ்கோ நகரத்தில் வேன் ஏறினால் பொழுது சாயும்முன் அறைக்கு வந்துவிடலாம். நிறங்களுக்குக் காரணம் பாறையிலுள்ள தாதுக்கள். சிவப்பு என்பது இரும்புத் துரு. இதில் நமக்கு ஆச்சரியப்பட அதிகமில்லை. மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் ஒதுங்குகிறதே, கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அதுவும் மலைப்பாறை கரைந்து ஆற்றோடு வந்து கடலில் சேர்ந்ததுதான். அவர்களுக்கு மலையிலேயே நின்றுவிட்டது, நமக்குக் கரைக்கு வந்துவிட்டது.

கூட ஒரு வழிகாட்டி வந்தாராம். அந்த ஊர்க் கெச்சுவா இனத்தவர். இவன் தள்ளாடுவதைப் பார்த்து, இடுப்புப் பையிலிருந்து நாலு கோக்கா இலையை எடுத்துக் கொடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாராம். கொக்கேன் என்னும் போதைப்பொருளைப் பிரித்தெடுப்பது இந்தச் செடியிலிருந்துதான். ஆனால் அங்கே அந்த இலை நம் வெற்றிலை மாதிரி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல அவர்களும் சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்து மெல்வார்கள். களைப்பும் பசியும் தெரியாது. இவன் அதை அடக்கிக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடியே ஏறி முடித்தானாம்.

"அவரு பேரு என்ன மக்கா?" என்று கேட்டேன்.

"மறந்துட்டேன் பாட்டா. என்னமோ சொன்னாரு."

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தப் பதில் இரண்டு மூன்று நாள் என்னை விடவில்லை. அதற்கு என் பள்ளிக்கூடப் படிப்பும் ஒரு காரணம்.

ஆண்டிஸ் என்ற பெயர் எனக்கு முதலில் "லேஸாந்த்" என்றுதான் காதில் விழுந்தது. காரைக்கால் 1954இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு வகுப்பில் படித்தவன் நான். கொள்ளிடம் எங்கே உற்பத்தி ஆகிறது என்று தெரியாத வயதில் லுவார் நதியின் கிளை ஆறுகளை வரிசையாக ஒப்பிப்போம். அந்தப் பாடங்களில் ஒன்று, 1735இல் பாரிஸ் அறிவியல் கழகம் தென் அமெரிக்காவுக்கு அனுப்பிய குழுவைப் பற்றியது. பூமி நடுவில் பருத்திருக்கிறதா, துருவங்களை நோக்கி நீண்டிருக்கிறதா என்று அந்தக் காலத்தில் பெரிய வழக்கு. அதைத் தீர்க்க ஒரு குழு வடதுருவப் பக்கம் லாப்லாந்துக்குப் போயிற்று. இன்னொரு குழு பூமத்திய ரேகைக்கு, கீத்தோ பக்கத்து மலைகளுக்குப் போயிற்று. இரண்டாவது குழுவில் பூகேர், கொதேன், லா கோந்தமீன் என்று மூன்று பெரியவர்கள். பனியிலும் காற்றிலும் சிகரம் சிகரமாக ஏறி, ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். நியூட்டன் சொன்னதே சரி, நடுவில்தான் பருத்திருக்கிறது என்று முடிவாயிற்று.

இதில் லா கோந்தமீன் 1737இல் லோஹா என்ற ஊர்ப் பக்கம் போய் ஒரு மரத்தைப் பார்த்து, விவரம் எழுதி, மறு வருஷம் பாரிஸில் அச்சேற்றினார். எங்கள் வாத்தியார் அதைக் "கேன்கினா" என்று மூக்கால் சொல்லுவார். தமிழில் சின்கோனா. அதன் பட்டையிலிருந்து எடுப்பதுதான் கொய்னா. முறைக் காய்ச்சலுக்கு அந்தப் பட்டை கேட்கும் என்பதை அதற்கு நூறு வருஷம் முன்பே பாதிரிமார் அந்த மலைப்பகுதியில் அறிந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1820இல் பெல்லெத்தியே, காவாந்தூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தார்கள். பாரிஸில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. இத்தனை பெயரும் எங்களுக்கு மனப்பாடம். பரீட்சையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அரை மதிப்பெண் போகும். மரத்தைக் காட்டிக் கொடுத்த மலைக்காரர் யார் என்று ஒரு கேள்வியும் வந்ததில்லை.

கொய்னாவுக்கும் நமக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் ஆண்டிஸிலிருந்து சின்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் எடுத்துவந்து நீலகிரியில் சேர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டம் போட்டார்கள். கொய்னாத் தூள் பொட்டலம் பிரிட்டிஷ் இந்தியாவில் தபாலாபீஸ் ஜன்னலிலேயே விற்பனையாயிற்று. நான் தபால் துறையில் எழுத்தனாகச் சேர்ந்தபோது ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு மூத்தவர், "தம்பி, ஒரு கையில ஸ்டாம்பு, ஒரு கையில கொய்னான்னு வித்த இலாகா இது" என்பார். தமக்கு முந்தியவர்களிடம் கேட்டதைச் சொல்கிறாரா, தாமே விற்றாரா என்பது அவர் பேச்சில் பிடிபடாது. திருவிதாங்கூரில் 1951 வரை தனி அஞ்சல் இருந்தது என்பது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

நீலகிரிப் பட்டையில் கொய்னா குறைவு. நல்ல பட்டை ஜாவாவில் டச்சுக்காரர்களிடம் இருந்தது. அது அவர்களுக்கு வந்த வழியை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி அந்தப் பக்கம் இருந்தார். அவரிடம் மனுவேல் இங்க்ரா மமானி என்று ஒரு பொலிவியாக்காரர் வேலை பார்த்தார். காட்டில் எந்த மரம் வீரியமுள்ளது என்பது மமானிக்குத் தெரியும், லெட்ஜருக்குத் தெரியாது. மமானி போனார். பூத்த பருவத்தில் பனி விழுந்து கருக்கிவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. நாலு வருஷம் காத்திருந்து, விதை முற்றியதும் மலை கடந்து நடந்து வந்து 1865இல் லெட்ஜர் கையில் கொடுத்தார். லெட்ஜரின் சகோதரர் லண்டனில் ஆங்கில அரசாங்கத்திடம் கொண்டுபோனார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை வாங்கினார்கள். அந்த ஒரு பவுண்டு விதையிலிருந்து வந்த தோட்டங்களால் இருபதாம் நூற்றாண்டில் உலகக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவுடையதாயிற்று. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகமே கொய்னாவுக்குத் திண்டாடியது. மமானி மறுபடி விதை எடுக்கப் போனபோது பொலிவியாவில் பிடித்து அடைத்தார்கள். அடி பட்டு வெளியே வந்து, கொஞ்ச நாளில் இறந்துபோனார். மரத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சின்கோனா லெட்ஜெரியானா.

லெட்ஜர் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. மமானியின் பெயரும் கதையும் நமக்குக் கிடைப்பது லெட்ஜர் எழுதி வைத்ததால்தான். அந்த அளவுக்காவது அவருக்கு மனசு இருந்திருக்கிறது.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

அகஸ்தியகூடம், பொதிகை, அகத்தியர் மலை எல்லாம் ஒன்றுதான். கிழக்கே தாமிரபரணி, மேற்கே கரமனையாறும் நெய்யாறும் அதன் அடியிலிருந்து வருகின்றன. நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரை நம்பிய விளவங்கோட்டுக்காரர்களுக்கு அந்த மலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பிறந்த மலை என்று நமக்குப் பெருமை. ஆனால் அதன் உச்சியில் ஒரு காலத்தில் விஞ்ஞானக் கூடம் இருந்தது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837இல், திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1852இல் அதற்கு இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காந்த ஊசி ஒரு நாளில் எவ்வளவு அசைகிறது, ஏன் அசைகிறது என்பதில் அவருக்குத் தீராத வேட்கை. பூமியின் காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அங்கே காந்த ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது, கிடைமட்டமாக நிற்கும். அந்தக் கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. (அதே கோடு உலகத்தைச் சுற்றிப் பெரு நாட்டு ஆண்டிஸ் மலை மேலும் போகிறது. அங்கே ஹுவான்காயோவில் 1922 முதல் ஒரு காந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் விடத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அது வானத்தில் கொட்டிய சோடியப் புகை பிரெஞ்சுக்காரர் அனுப்பியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நினைவு வந்தது.)

உயரம் போனால் ஊசியின் போக்கு மாறுமா என்று அறிய பிரௌனுக்கு மலை உச்சியிலும் ஒரு கூடம் வேண்டியிருந்தது. 1855இல் அகஸ்திய சிகரத்தின் மேல், ஏறத்தாழ 6,200 அடியில், கட்டி முடித்தார். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே சிகரத்திலும் ஒரே நேரத்தில் அளவு எடுத்தார்கள். 1865இல் அவர் ஊர் திரும்பினார். காந்த அளவுகள் 1874இல் லண்டனில் பெரிய புத்தகமாக வந்தன. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் வித்திட்டவரும் அவரே. வேலையில் மன்னர், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தயவுசெய்து ஒரு நிமிஷம் அந்த மலையை நினைத்துப் பாருங்கள். ரோடு இல்லை. கோவேறு கழுதை ஏறாது. ஆனைக்காடு, அட்டைக்காடு, அதற்கு மேல் வழுக்குப் பாறை. கூடம் கட்டிய மரமும், கண்ணாடிக் கருவியும், அளவு எடுக்க மேலே தங்கியவர்களுக்கு அரிசியும் எப்படிப் போயிருக்கும்? மனிதத் தலையில்தான். முன்னால் ஒருவர் தடம் காட்டாமல் அந்தக் காட்டில் யாரும் ஒரு நாழிகை தூரம் போக முடியாது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, ஒரு தடவை ஏறியிருக்கிறேன்.

1983 பிப்ரவரி. அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்தோம். அதில் நான் ஒருவன்தான் பரதேசி, மற்ற ஐவரும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காடு தேயிலைத் தோட்டம் வரை பஸ்ஸும் ஜீப்பும். அங்கிருந்து நடை. வினிகுன்கா மாதிரி ஒரே நாளில் ஆகிற காரியம் அல்ல. அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் உச்சி ஏறி இறங்க வேண்டும். வழிகாட்டக் காணிக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டோம். ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான ஆள். எங்கள் அரிசி, பாத்திரம், மண்ணெண்ணெய் எல்லாம் அவர் தலையில். எங்கள் கையில் ஒரு தண்ணீர்க் குப்பி. அப்படியிருந்தும் நாங்கள் நூறு அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். அவர் நின்றபடியே காத்திருந்தார். நடக்கும்போது அவ்வப்போது குனிந்து வழியோரம் எதையோ கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முப்பத்து நாலு வயதில் மூச்சு வாங்கும்போது அறிவு வேலை செய்வதில்லை.

செங்குத்துப் பாறை வந்த இடத்தில் அவர் முதலில் ஏறிக் கயிற்றை இறக்கினார். என் முறை வந்தபோது கால் நடுங்கி நடுவில் நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேலேயிருந்து, "கீழ நோக்கண்டா சாரே. என்னெ நோக்கி வா" என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். அந்த முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உச்சியில் அகத்தியருக்குக் கர்ப்பூரம் கொளுத்தினோம். அந்த மலை அவர்களுக்குக் கோயில். நாங்கள் கும்பிட்டு முடிக்கும்வரை அவர் செருப்பில்லாத காலோடு ஒதுங்கி நின்று, பிறகு தனியாகக் கும்பிட்டார்.

நாலு வருஷம் கழித்து, 1987இல், அதே மலைக்காட்டில் வேறொரு கூட்டம் ஏறியது. பழங்குடியினரின் செடிகொடி அறிவை ஆராயும் அகில இந்தியத் திட்டத்தின் விஞ்ஞானிகள். தலைவர் டாக்டர் புஷ்பாங்கதன். அவர்களுக்கும் காணிக்காரர்களே வழிகாட்டிகள். ஏறி ஏறி விஞ்ஞானிகள் சோர்ந்துபோக, வழிகாட்டிகள் சின்னஞ்சிறு காய்களைத் தின்றபடி அலுங்காமல் நடந்தார்கள். இவர்கள் கேட்டார்கள். நாங்கள் கேட்காததை அவர்கள் கேட்டார்கள், அதுதான் வித்தியாசம். குலத்து இரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்று முதலில் மறுத்தார்கள். பிறகு, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பின் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. தரையோரம் நிழலில் வளரும் சிறு செடி. விஞ்ஞானப் பெயர் திரைக்கோபஸ் செய்லானிகஸ், அதில் நம் பக்கத்து வகைக்குத் திருவிதாங்கூர் பெயரையே சேர்த்திருக்கிறார்கள்.

பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்து, அசுவகந்தியும் திப்பிலியும் விஷ்ணுகிரந்தியும் சேர்த்து "ஜீவனி" என்று ஒரு மருந்து செய்தார்கள். 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்குத் தயாரிப்பு உரிமை கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று நிலையமே முடிவு செய்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002இல்தான். 1997இல் காணிக்காரர்கள் பெயரில் ஒரு அறக்கட்டளை பதிவு செய்து, 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று மேல் பணம் சேர்ந்தது. உலகத்திலேயே இப்படிப் பங்கு கொடுத்த முதல் சில ஏற்பாடுகளில் இது ஒன்று என்று வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதினார்கள். குட்டிமாத்தன் காணி என்று, செடியைக் காட்டியவர்களில் ஒருவரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மமானிக்குப் பின் நூற்றிருபது வருஷத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் என்று இதை எண்ணி எனக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷம் முழுசாக இல்லை. எங்களை யாரும் கேட்கவில்லையே என்று வேறு ஊர்க் காணிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். காட்டில் இலை பறிக்க வனத்துறை அனுமதிக்கவில்லை. தோட்டத்தில் போட்டாலோ காட்டு நிழலின் குணம் வருவதில்லை. இன்னொன்று, அறக்கட்டளை கேரளத்துக் காணிக்காரர்களுக்கானது. பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலையிலும் தச்சமலையிலும் இருக்கிறவர்களும் அதே சனம்தான், அதே அகத்தியர்தான், அதே செடிதான். 1956 நவம்பர் முதல் தேதி நமக்குக் கொண்டாட்டம். போராடி, உயிர்ப்பலி கொடுத்து வாங்கிய நாள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கோடு மலைக்குள்ளும் போயிற்று என்பதை அலுவலகக் காகிதத்தில் வாழ்ந்த நான்கூட யோசித்ததில்லை.

பேரன் போனில் பேசிய மறுநாள், பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 1983 பயணத்துக்குக் கணக்கு எழுதியது நான்தான். எழுத்தன் என்றால் அந்த வேலை தானாக வந்து சேரும். நோட்டு இருந்தது. கறையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. பஸ் கட்டணம், ஜீப்புக்காரர் (பெயரும், தகராறு செய்து கூட வாங்கிய மூன்று ரூபாயும்), சம்பா அரிசி 6 கிலோ, அவல் 2 படி, கருப்பட்டி 1 கிலோ, உடன்குடி. கருப்பட்டி எந்த ஊர் என்றுகூட எழுதியிருக்கிறேன். கடைசிக்கு முந்திய வரி: "வழிகாட்டி – 2 நாள் – ரூ. 30."

அவ்வளவுதான்.

அந்த ஆறு பேரில் இப்போது இருப்பது என்னைச் சேர்த்து இரண்டு பேர். தக்கலையில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நன்றாக இருக்கிறது.

"மூட்டுக்காணின்னுல்லா கூப்பிட்டோம்?"

"ஓய், அது ஊர்த்தலைவருக்குள்ள பதவிப் பேரு. அவருக்க பேரு என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாம கேக்கல்லியே ஓய்" என்றார்.

நேற்றுப் பேரனிடமிருந்து ஒரு செய்தி. கூட வந்த யாரையோ கேட்டு அந்தப் பெரு நாட்டு வழிகாட்டியின் பெயரைத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறான். நான் கேட்டதால் செய்தானோ, அவனுக்கே தோன்றியதோ தெரியாது. நோட்டை மூடுமுன் அந்த முப்பது ரூபாய் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "மூட்டுக்காணி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பேச்சிப்பாறைப் பக்கம் உறவோ பழக்கமோ உள்ள வாசகர்கள் யாராவது, 1983 வாக்கில் போணக்காட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிப் போன ஒடிசலான பெரியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.